கூழ் எந்தக் கட்டத்தில் வரும்?

பொன்னி எடை மெஷினில் ஏறி நின்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைக் கணவரிடம் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார். முள் நாற்பத்து மூன்றைத் தொட்டு, கொஞ்சம் ஆடி, அங்கேயே நின்றது.

"இன்னொரு தடவ ஏறச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

இறங்கி ஏறினார். அதற்கே அவருக்கு மூச்சு இரைத்தது. மறுபடியும் நாற்பத்து மூன்று.

"சேரும்போது எவ்ளோ சிஸ்டர்?"

"நாப்பத்தியொண்ணு சார்," என்றார் வார்டு சிஸ்டர்.

டாக்டர் என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் புரட்டினார். "இதப் பாத்தா டெய்லி தொள்ளாயிரம் மில்லி உள்ள போகுது, ஆயிரத்தி ஐநூறு வெளிய வருது. மூணு நாள்ல கிட்டத்தட்ட ரெண்டு கிலோ கொறஞ்சிருக்கணும். இங்க ரெண்டு கிலோ ஏறியிருக்கு. மெஷின் பொய் சொல்லுதா, அட்டை பொய் சொல்லுதா?"

மெஷின் பொய் சொல்லவில்லை. அந்த வார்டில் அது எனக்கு நன்றாகவே தெரியும், என்னோடு படித்த செல்விக்கும் தெரியும். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்தத் தொடரில் இதுவரை என் வீரப் பிரதாபங்களையே எழுதிக்கொண்டிருப்பதாக ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ஐயா, இந்த வாரம் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

கண்டக்டர் கேட்ட சோடியம்

அப்போது நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு. பாதிப் பேர் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டும் பாதிப் பேர் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டும் திரிந்த காலம். சின்னசேலத்துப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு வருவேன். காலையில் வகுப்பு அல்லது வார்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பிப் போவேன்.

எனக்குப் படிப்பு என்பது பஸ்ஸில்தான். ரத்தப் பரிசோதனை அளவுகளை ஒரு தாளில் எழுதி, முன் சீட்டின் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டிவிட்டு, உதடு அசைய மனப்பாடம் செய்வேன். சோடியம் நூற்று முப்பத்தைந்து முதல் நூற்று நாற்பத்தைந்து. பொட்டாசியம் மூன்றரை முதல் ஐந்து. யூரியா பதினைந்து முதல் நாற்பது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டு முதல் பதினாறு.

ஒரு மாதம் இதைக் கேட்டுக் கேட்டு, அந்த பஸ் கண்டக்டருக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது. டிக்கெட் கிழிக்கும்போதே, "இன்னாம்மா, இன்னிக்கு சோடியம் எவ்ளோ?" என்பார். நான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பஸ்ஸே சிரிக்கும்.

ஆக எண்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது. சோடியம் என்றால் உப்பு, குறைந்தால் போட வேண்டும், கூடினால் குறைக்க வேண்டும். என் மருத்துவ ஞானம் அத்தோடு சரி.

செல்வி எனக்கு மேல். ஒருமுறை ஒரு பாட்டிக்கு ரத்தம் எடுத்தவள், சிரிஞ்சிலிருந்து ட்யூபுக்கு மாற்றும்போது அவசரத்தில் ஊசியோடு சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்திவிட்டாள். பொட்டாசியம் ஏழுக்குப் பக்கத்தில் வந்தது. அவ்வளவு இருந்தால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம் என்று படித்திருந்தோம். செல்வி அலறிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கட்டிலில் பாட்டி காலை ஆட்டிக்கொண்டு டீயில் பன் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

அழுத்திய வேகத்தில் ட்யூபுக்குள் ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன. அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, அதைத்தான் லேப் அளந்திருக்கிறது. மறுபடி நிதானமாக எடுத்தால் நாலு சொச்சம். வார்டு பொறுப்பிலிருந்த ஜெபா சிஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்து, "நம்பரப் பாத்து ஓடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆளையும் பாருங்கடி," என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததோடு மறந்தும் போனோம்.

அட்டை ரொப்புவது

நர்சிங் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சில நோயாளிகளின் கட்டிலில் ஓர் அட்டை தொங்கும். இடப்பக்கம் உடம்புக்குள் போன நீர், வலப்பக்கம் வெளியே வந்த நீர். மணிக்கு மணி எழுத வேண்டும். உள்ளே போவது கூடி, வெளியே வருவது குறைந்தால் தண்ணீர் உடம்பில் தங்குகிறது என்று பொருள். ஒரு லிட்டர் தங்கினால் ஒரு கிலோ ஏறும். அதனால்தான் இடையிடையே எடை பார்ப்பது. வியர்வையிலும் மூச்சிலும் போவது தனி, அது எந்த ஜாடியிலும் விழாது. மற்றபடி இது ஒன்றாம் வகுப்புக் கூட்டல் கழித்தல்தான்.

கணக்கு சுலபம், அளப்பதுதான் கஷ்டம். எங்கள் வார்டில் அளவு ஜாடி ஒன்றே ஒன்று இருந்தது, அதற்கும் விளிம்பில் விரிசல். பெண்கள் அதை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகக் கூசுவார்கள். பாதி நேரம் ஜாடி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. போய்விட்டு வந்தவரிடம், "எவ்ளோ போச்சுங்க?" என்று கேட்டால், "போச்சு," என்பார்கள்.

செல்விதான் எனக்கு வழி சொன்னாள். அவள் கள்ளக்குறிச்சியிலேயே கருணாபுரத்துப் பெண். அவள் அப்பா மூட்டை தூக்குகிறவர். எதற்கும் கலங்காத பெண். "மணிக்கு மணி ஓடிக்கினு இருப்பியா? ரெண்டு மணிக்கு மொத்தமா ரொப்பிடலாம்டி," என்றாள்.

அதற்கும் ஒரு தொழில் நுட்பம் இருந்தது. இருநூறு, முந்நூறு என்று முழுசாக எழுதக் கூடாது, மாட்டிக்கொள்வோம். இருநூற்றுப் பத்து, நூற்று எண்பது, இருநூற்று நாற்பது என்று எழுத வேண்டும். ஒரு மணிக்குக் கூட்டி, அடுத்த மணிக்குக் குறைக்க வேண்டும். பேனாவைக்கூட மாற்றிக்கொள்வோம். உண்மையாக அளந்திருந்தால்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டோம். இரவு ஷிப்டில் வருகிறவர்கள் எங்கள் எண்களைப் பார்த்து அதே சுருதியில் தொடர்வார்கள்.

என் கையெழுத்து வேறு அழகாக இருக்கும். பொன்னி வந்து சேர்ந்த மறுநாள் ஜெபா சிஸ்டர் என் அட்டையை மற்ற மாணவிகளுக்குத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, ஒரு கட்டமாவது காலியா இருக்குதா? இப்படி எழுதணும்," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் அப்பாவிடம்கூடச் சொன்னேன்.

ஒரு லிட்டர் பாட்டில்

பொன்னிக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில் ஊர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. இப்போது இரண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியேதான் தூங்குவார்.

துணைக்கு வந்தவர் கணவர் கோவிந்தன். பெண்கள் வார்டில் ஆண்கள் இருக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகளை அவருடைய அக்கா பார்த்துக்கொண்டார், வேறு பெண் துணை இல்லை. அதனால் பகலில் மட்டும் இருக்க சிஸ்டர் அனுமதித்திருந்தார்.

சேர்ந்த அன்றே டாக்டர் சொன்னார்: உப்பு குறைக்க வேண்டும், ஒரு நாளைக்குத் தண்ணீர் ஒரு லிட்டர்தான். ஜெபா சிஸ்டர் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கோவிந்தன் கையில் கொடுத்து, "காலையில ரொப்புங்க. மறுநா காலை வரைக்கும் இவ்ளோதான் தண்ணி," என்றார்.

அந்த மனிதர் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். பாட்டிலைத் தன் பைக்குள் வைத்து, மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுப்பார். பொன்னிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒரு வாயி குடுங்களேன்," என்று கெஞ்சுவார். கோவிந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அவர் கண் கலங்கியிருந்ததை நானே பார்த்தேன். காலையில் பாட்டிலின் அடியில் நூறு மில்லி மிச்சமிருக்கும். "பாருங்க நர்சம்மா, கம்மியாத்தான் குடுத்திருக்கேன்," என்று தூக்கிக் காட்டுவார். தொள்ளாயிரம் என்று எழுதிக்கொள்வேன்.

அந்த அட்டையில் நான் கண்ணால் பார்த்து எழுதிய ஒரே எண் அதுதான். அதுவும் தப்பு.

தினமும் மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூக்கு வரும். கோவிந்தனின் அக்கா கொடுத்தனுப்பும் கூழ். கேழ்வரகு மாவும் சாமை நொய்யும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சியிருப்பார். ஆஸ்பத்திரி வாசலில் மோர் வாங்கி, பொன்னிக்கு விழுங்கச் சிரமமில்லாமல் நீர்க்கக் கரைத்து, கோவிந்தன் ஒரு சொம்பு நிறையக் கொடுப்பார். காலை, மதியம், சாயங்காலம். தண்ணீருக்குத் தவித்த அந்தப் பெண் சொம்பைத் தூக்கினால் இறக்காமல் குடிப்பார். நான் பக்கத்தில் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன். உணவு என்ற கட்டத்தில், 'கூழ், மூன்று வேளை, நன்றாகச் சாப்பிட்டார்' என்று அழகாக எழுதினேன்.

உப்பு போடலாங்களா?

மூன்றாம் நாள் காலை லேப் சீட்டு வந்தது. சோடியம் நூற்று இருபத்தைந்து.

நான் குதிக்காத குறை. மனப்பாடம் செய்த எண் ஒன்று முதல்முறையாக என் நோயாளியிடமே வந்திருக்கிறது. கோவிந்தன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க நர்சம்மா, ரிப்போட்டுல இன்னா வந்துருக்குது?" என்றார்.

"உப்பு கம்மியா இருக்குதுங்க."

"டாக்டரு உப்பே ஆவாதுன்னாருங்களே?"

"அது அன்னிக்குங்க. இப்ப ரத்தத்துல கம்மியாயிருச்சு."

"அப்ப உப்பு போடலாங்களா?"

"கொஞ்சம் போட்டுக் குடுங்க," என்றேன். சிஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பஸ்ஸே ஒப்புக்கொண்ட அறிவு அல்லவா!

ரசத்தில் தண்ணீர் கூடிப்போனால் உப்பு உறைக்காது. உப்பு எங்கேயும் ஓடிப்போகவில்லை, தண்ணீர்தான் ஜாஸ்தி. வீட்டில் தினம் ரசம் வைத்த எனக்கு அது தெரியும். பொன்னியின் ரத்தத்திலும் அதுதான் நடந்திருக்கிறது என்பது உறைக்கவில்லை. உப்பைப் போட்டால் தாகம் இன்னும் கூடும், உடம்பு தண்ணீரை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கோவிந்தன் கடைக்குப் போய்க் கல்லுப்பு வாங்கி வந்தார். அன்று மூன்று வேளைக் கூழிலும் போட்டார். பொன்னிக்கு ருசியாக இருந்திருக்க வேண்டும். சாயங்காலம் இன்னொரு அரைச் சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒரு மணி பஸ்

மறுநாள்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன எடை மெஷின்.

டாக்டர் கேட்ட கேள்விக்கு ஜெபா சிஸ்டர் பதில் சொன்னார். அட்டை எழுதியது தான் பாராட்டிய பெண் ஆயிற்றே. "மெஷின் சரியா இருக்கு சார். மலையிலேர்ந்து வர்றவங்க இப்படித்தான். தலைய தலைய ஆட்டுவாங்க, சொன்னதக் கேக்க மாட்டாங்க. நமக்குத் தெரியாம தண்ணி குடுத்திருப்பாரு."

டாக்டர் கோவிந்தனிடம் திரும்பினார். "தண்ணி குடுத்தியா?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாதய்யா. பொண்டாட்டி உயிரு. எவ்ளோ குடுத்த?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமா அந்த பாட்டிலுக்கு மேல ஒரு சொட்டு குடுக்கலீங்க."

"அப்ப தண்ணி ஆகாசத்துலேர்ந்தா வந்துது?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். கோவிந்தன் சுற்றிலும் பார்த்தார். அவர் முகம் அப்படியே சுருங்கிப் போனது. டாக்டர் நீர் பிரிய ஊசியைக் கூட்டி எழுதிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் கோவிந்தன் பையைக் கட்ட ஆரம்பித்தார். கம்பளி, தூக்கு, பாட்டில். சிஸ்டரிடம் போய், "எழுதிக் குடுத்துருங்க, நாங்க போறோம். ஒரு மணிக்கு பஸ்ஸு இருக்குது," என்றார்.

"இந்த நெலமையில எப்படிப் போவீங்க? வழியில ஏதாவது ஆனா?"

"ஆனா ஆவட்டுங்க. பொய்யன்னு சொன்ன எடத்துல எதுக்கு இருக்கணும்?"

பொன்னி மூன்று வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கும் நிலையில் இருந்தார். உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. பஸ்ஸில் வளைவு வளைவாக மலையேறி வீட்டுக்குப் போய்விட்டால், இந்த மனுஷி திரும்ப இறங்கி வரப்போவதில்லை. இரண்டாம் ஆண்டு படிக்கிற எனக்கே அது தெரிந்தது.

செல்வி என் கையைப் பிடித்துக் கைகழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "வாய மூடிக்கினு இரு. நீ ஒருத்தியா ரொப்புன? எல்லாருந்தான் ரொப்புறாங்க. சொன்னா உன்ன மட்டுந்தான் வூட்டுக்கு அனுப்புவாங்க."

பயந்தேன். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பா குத்தகைக்கு மரவள்ளி போடுகிறவர். மகள் நர்சுக்குப் படிக்கிறாள் என்று ஊரில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். வாய் திறக்காமல் நின்றிருந்தால் இன்றைக்கு இந்தத் தொடரில் இந்த வாரம் வேறு ஏதாவது பஸ் கலாட்டாவை எழுதியிருப்பேன்.

கோவிந்தன் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். கோபமாக வரவில்லை.

"நர்சம்மா, நீங்களாவது டாக்டர்கிட்ட சொல்லுங்களேன். நீங்கதான டெய்லி எழுதிக்கினு இருந்தீங்க? நான் குடுத்தது, அவளுக்குப் போனது, எல்லாம் அந்த அட்டையில இருக்குது இல்ல? அதக் காட்டுங்க. எனக்கு எழுத்து தெரியாது."

அந்த வார்டில் தனக்கு ஒரு சாட்சி இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்தச் சாட்சி நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானமாக இருந்தது, அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. கை ஈரத்தைத் துடைக்காமல் ஜெபா சிஸ்டரிடம் போனேன்.

விரிசல் விட்ட ஜாடி

"சிஸ்டர், அந்த ஆயிரத்தி ஐநூறு நான் அளக்கல. ரொப்புனேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அறைவார் என்று நினைத்தேன். என்றைக்கோ அவரும் ரொப்பியிருப்பாரோ என்னவோ, அறையவில்லை.

"எத்தன நாளு?"

"எல்லா நாளும்."

"தண்ணி?"

"அது மட்டும் நெசம் சிஸ்டர். பாட்டிலப் பாத்துத்தான் எழுதினேன்."

கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "தண்ணி நெசம்னா எட எப்படி ஏறுது?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஜாடிய எடுத்துக்கினு வா," என்றார்.

பொன்னியின் கட்டிலுக்குப் போனோம். கோவிந்தன் பையைத் தோளில் மாட்டியிருந்தார். சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "அண்ணா, கோவப்படாம சொல்லுங்க. தண்ணிய விடுங்க. காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து அவங்க வாயில போனது எல்லாம் சொல்லுங்க."

"ரெண்டு மாத்தர. பாட்டிலு தண்ணி. அப்புறம் கூழு."

"எவ்ளோ கூழு?"

"ஒரு சொம்பு. அது சாப்பாடு இல்லீங்களா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். என் அழகான கையெழுத்தில் 'கூழ், மூன்று வேளை' உணவுக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

மதியத்துக்கென்று அவர் கரைத்து வைத்திருந்த சொம்பைக் கேட்டு வாங்கி ஜாடியில் ஊற்றினேன். மோர் கலந்த கூழ் விரிசலுக்குக் கீழே வந்து நின்றது. அறுநூற்று ஐம்பது. மூன்று வேளைக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர். பாட்டில் தண்ணீரோடு சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்று லிட்டர்.

"கூழுல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதாங்க," என்றார் சிஸ்டர் மெதுவாக. "நாங்கதான் கேட்டிருக்கணும். தண்ணின்னு சொன்னோமே தவிர கூழுன்னு சொல்லல."

கோவிந்தன் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்து பை நழுவியது. "அப்ப நான்தான் குடுத்தனா?" என்றார். "தாகத்துக்குத் தவிச்சாளே, ஒரு வாயி குடுக்கலையே நானு. கூழாவது வயித்துக்கு நெறையாப் போவட்டும்னுதானே…" பொன்னி வீங்கிய கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"உப்பு வேற போட்டேங்களே," என்றார் கோவிந்தன் திடீரென்று.

சிஸ்டர் திடுக்கிட்டார். "உப்பா? யாரு போடச் சொன்னது?"

கோவிந்தன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

ஒரு மணி பஸ் அவர்கள் இல்லாமல் போனது. சாயங்காலம் டாக்டர் அவராகவே கட்டிலுக்கு வந்து, "காலையில அப்படிப் பேசினது தப்புதாங்க," என்றார். கோவிந்தன் எழுந்து நின்று, "பரவால்லீங்க," என்றார். என்னிடம் டாக்டர் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கல்லூரியில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அப்பாவை வரவழைத்தார்கள். விடுமுறையில் அந்த வார்டு வேலையை முழுசாகத் திரும்பச் செய்தேன். உண்மையைச் சொன்ன நாளிலிருந்தே விரிசல் ஜாடியும் நானும் இணைபிரியவில்லை. கூசுகிறவர்களுக்கு நானே மறைப்புக் கட்டி, நானே எடுத்து, நானே அளந்தேன். அளக்க ஆரம்பித்த முதல் நாள் பொன்னிக்கு வெளியே வந்தது எழுநூறு சொச்சம்தான்.

கூழைக் கெட்டியாக உருட்டிக் கொடுத்தார்கள், மோரும் பாட்டில் தண்ணீர்க் கணக்கில் சேர்ந்தது, உப்பு நின்றது. ஒரு வாரத்தில் பொன்னி நான்கு கிலோ இறங்கினார். கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. சோடியம் நூற்று முப்பத்து மூன்று. என் தாளில் உள்ள அளவுக்கு இரண்டு குறைவு. ஆனாலும் பொன்னி தலையணையில் சாய்ந்து படுத்துத் தூங்கினார்.

கரியாலூர்

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, மலையில் மருத்துவ முகாம் என்று எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வளைவுகளில் செல்வி ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். முகாம் முடிந்ததும் விசாரித்துக்கொண்டு நானும் அவளும் கோவிந்தன் வீட்டுக்குப் போனோம்.

பொன்னி வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஏற்றத்தில் நடக்க முடியாதாம், சமதரையில் பரவாயில்லையாம். வால்வு ஆபரேஷனுக்குச் சென்னையில் தேதி கொடுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும், "நம்ம ஜாடி நர்சம்மா வந்துருக்குது," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

கோவிந்தன் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். எழுத்துத் தெரியாதவர் அல்லவா, பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தார். இந்தப் பக்கம் தண்ணீர் ஒரு டம்ளருக்கு ஒரு கோடு, கூழுக்கு ஒரு வட்டம். அந்தப் பக்கம் வெளியே வந்ததற்குக் கோடு. வாய்ப்பக்கம் வெட்டிய பாட்டில் ஒன்றில் ஆணியால் கீறி அளவு வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இப்படிக் கணக்கு வைக்கிறாராம். இது நான்காவது நோட்டாம்.

புரட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு பக்கத்தில் பிள்ளைகள் எழுதிக் கொடுத்திருந்த தேதிக்கு நேராக இரண்டு நாள் வெறுமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு நாள்.

"இது இன்னாங்க, விட்டுப்போச்சா?"

எட்டிப் பார்த்தார். "இல்லீங்க. அன்னிக்கு நான் கடுக்காய் எடுத்துக்கினு சந்தைக்குப் போயிட்டேன். வூட்டுல இல்ல."

"அவங்களையே கேட்டுப் போட்டிருக்கலாமே? இல்லாட்டி முந்தின நாள் மாதிரியே…"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் குத்திக் காட்டுகிறவர் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் என்னைப் பார்த்தார்.

"நான் பாக்கலீங்களே நர்சம்மா. பாக்காதத இன்னான்னு போடறது?"

பொன்னிக்காக நான் எழுதிய அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை.